பெரிய வியாழனும் கரிகிரிச் செருப்பும்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன்பு, பாதம் கழுவும் சடங்குக்கென்று பன்னிருவரைத் தேர்ந்தெடுப்பது நம் பங்குகளில் ஆண்டுதோறும் நடப்பது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்படும் அறிவுரை ஒன்றும் உண்டு: "வீட்டிலேயே கால்களை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வாருங்கள்." அவர்களும் நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்த கால்களோடு வந்து அமர்கின்றனர். குதிகாலில் வெடிப்புள்ளவரும் விரலிடுக்கில் புண்ணுள்ளவரும் பட்டியலில் பெயர் எழுதும்போதே விலகிக்கொள்கின்றனர். ஆக, பங்குத்தந்தை முழந்தாளிட்டுக் கழுவுவது ஏற்கெனவே கழுவப்பட்ட கால்களை!

இதில் எவரையும் குறைகூறுவதற்கில்லை. திருச்சடங்கு என்பது ஓர் அடையாளம். அடையாளம் அழகாக அமைய வேண்டும் என்று விரும்புவது இயல்பே. ஆனால் அடையாளம் எதைச் சுட்டுகிறதோ, அது எங்கே நிகழ்கிறது என்ற கேள்வியை நாம் தவிர்க்க இயலாது. யோவான் நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஆண்டவர் பாதங்களைக் கழுவி முடித்த பின், தாம் செய்ததைச் சீடர்களும் செய்ய வேண்டும் என்கிறார். இவற்றை அறிந்து அதன்படி நடப்பவர் பேறுபெற்றவர் என்கிறார். 'அறிந்து' என்பதோடு அவர் நிறுத்தவில்லை.

அதன்படி நடந்தவர்களின் வரலாறு ஒன்று, காலணிகளுக்குப் பெயர்பெற்ற நம் வேலூர் - ஆம்பூர் வட்டாரத்திலேயே இருக்கிறது. அதை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே ஆண்டில் இரு நிகழ்வுகள்

பெரிய வியாழன் திருப்பலியின் நடுவே பங்குக் கோவில்களில் பாதம் கழுவும் வழக்கம் நாம் எண்ணுவதுபோல் மிகப் பழமையானதன்று. பேராலயங்களிலும் துறவு இல்லங்களிலும் திருப்பலிக்குப் புறம்பே நடைபெற்றுவந்த அச்சடங்கைத் திருப்பலிக்குள் நிறைவேற்ற வழிசெய்தவர் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர். புனித வாரச் சடங்குகளைச் சீரமைத்த ஆணை 1955 நவம்பரில் வெளியாயிற்று. 1956 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்களை மட்டுமே அழைக்க வேண்டும் என்றிருந்த விதியை 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மாற்றி, பெண்கள் உள்ளிட்ட இறைமக்கள் அனைவரிலிருந்தும் தேர்ந்தெடுக்கலாம் என்றார். அவர் தாமே 2013-இல் உரோமை நகரின் இளம் குற்றவாளிகளுக்கான சிறைக்குச் சென்று அங்கிருந்தோரின் பாதங்களைக் கழுவியவர்.

அதே 1955-ஆம் ஆண்டில், காட்பாடிக்கு அருகே கரிகிரியில் ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உறவோடு எழுந்த அந்நிலையத்தில் பாதங்களைக் கழுவுவது ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் சடங்காக இருக்கவில்லை. அன்றாட அலுவலாக இருந்தது. உரோமையில் ஆணை எழுதியவர்கள் கரிகிரியை அறிந்திருக்கமாட்டார்கள். கரிகிரியில் உழைத்தவர்கள் கத்தோலிக்கரும் அல்லர். ஆயினும் இரு நிகழ்வுகளுக்கும் மூலம் ஒரே நற்செய்திப் பகுதிதான்.

பிற சபையினரின் பணியைக் கத்தோலிக்க இதழ் ஒன்று பாராட்டுவது பொருந்துமா என்று எவரேனும் ஐயுறலாம். பிரிந்த சகோதரர்களிடம் காணப்படும் மெய்யான கிறிஸ்தவப் பண்புகளைக் கத்தோலிக்கர் மகிழ்வோடு ஏற்றுப் போற்ற வேண்டும் என்பது, 1964-இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஒன்றிப்பு ஏடு நமக்குக் கற்பித்த பாடம் அன்றோ? நம் மறைமாவட்டத்துச் சேத்துப்பட்டில் புனித தோமையார் மருத்துவமனையும் தொழுநோய் மையமும் உண்டு. மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளரோடு வாழ்ந்து, அந்நோயாலேயே இறந்து, 2009-இல் புனிதராக உயர்த்தப்பெற்ற தந்தை தமியானை நாம் அறிவோம். இவர்களோடு சேர்த்துக் கரிகிரியின் கதையையும் நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நலம்.

கொல்லிமலையில் பிறந்தவர்

டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் நம் தமிழகத்துக் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்டும் எவ்லினும் ஆங்கிலேய மறைபரப்பாளர்கள். மலைவாழ் மக்களிடையே மருத்துவமும் கல்வியும் விவசாயமும் அவர்களது பணி. தொழுநோயாளர் சிலர் வீடு தேடி வந்த நாள் ஒன்றைப் பிராண்ட் பின்னாளில் நினைவுகூர்ந்ததுண்டு. தந்தை கையுறை அணிந்து அவர்களின் கால் புண்களுக்குக் கட்டுப்போட்டார். பிள்ளைகள் அருகே வரக்கூடாது என்று விலக்கி வைக்கப்பட்டனர். அன்பு நிறைந்த அந்த வீட்டிலும் அச்சம் இருந்தது. அந்தக் காலத்தில் அந்நோய்க்கு உரிய மருந்து இல்லை.

ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து சென்ற சிறுவன் தன் தந்தையை மீண்டும் காணவில்லை. ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் காய்ச்சலால் கொல்லிமலையிலேயே இறந்தார். மகன் முதலில் கற்றது மருத்துவம் அன்று, தச்சுவேலையும் கொத்துவேலையும். அதன் பின்னரே லண்டனில் மருத்துவம் பயின்று அறுவை மருத்துவரானார். 1946-இல் வேலூர் வந்துசேர்ந்தார். மரத்தையும் கல்லையும் தொட்டுப் பழகிய கைகள் பின்னாளில் பெரிதும் உதவின.

1947-இல் செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்குச் சென்றபோது, விரல்கள் மடங்கி இறுகிய நோயாளர் பலரைக் கண்டார். கண்ணுக்கும் தோலுக்கும் வல்லுநர் உண்டு. இக்கைகளை ஆராய்ந்த எலும்பு மருத்துவர் உண்டா என்று அங்கிருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேனிடம் கேட்டார். எவரும் இல்லை என்பதே விடை. பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தம் கையை வைத்து, அழுத்தமாகப் பிடிக்கச் சொன்னார். பிடியின் வலிமையில் நகங்கள் அவர் கையில் பதிந்தன, வலித்தது. செயலற்றதென்று எல்லாரும் கைவிட்ட கையில் வலிமையான தசைகள் எஞ்சியிருந்ததை அந்தக் கைகுலுக்கலால் அவர் அறிந்துகொண்டார்.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் தொழுநோயாளர் ஒருவர் வந்து வேண்டும்போது, ஆண்டவர் முதலில் செய்தது என்ன? கையை நீட்டி அவரைத் தொட்டார். சொல்லாலேயே குணமாக்க வல்லவர் தொட்டது ஏன் என்று மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். செங்கற்பட்டில் நிகழ்ந்ததும் தொடுதலே. தொட்டதனால் இரக்கம் மட்டும் பிறக்கவில்லை, உண்மையும் வெளிப்பட்டது. தொடாதவர்களுக்குத் தெரியாத ஒன்று தொட்டவருக்குத் தெரிந்தது.

அடுத்த ஆண்டு முதல் வேலூரில், நலமாயிருக்கும் தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவை முறையைப் பிராண்டும் தோழர்களும் வளர்த்தெடுத்தனர். விரல்கள் நிமிர்ந்தன. ஆனால் நோயாளர் சிலர் திரும்பி வந்து முறையிட்டனர்: இந்தக் கைகளுக்கு இப்போது பிச்சை கிடைக்கவில்லை, வேலை கொடுக்கவோ வீடு கொடுக்கவோ எவருமில்லை! கையை நிமிர்த்தினால் போதாது, வாழ்வையும் நிமிர்த்த வேண்டும் என்பது அப்போது விளங்கியது. பாகாயத்தில் கல்லூரி வளாகத்துக்குள் எளிய குடிசைகளோடு 'நவஜீவ நிலையம்' எழுந்தது. அங்கே கைத்தொழில் கற்பிக்கப்பட்டது, மரப்பொம்மைகள் செய்யப்பட்டன.

வலி இல்லாத கால்

தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்பது அன்றைய நம்பிக்கை, படித்தவர்களும் நம்பினர். அது உண்மையன்று. 1873-இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்த கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. நரம்பு கெட்டால் உணர்ச்சி மறைகிறது. அதன் பின் நிகழும் அழிவுக்குப் பெரும்பாலும் காரணம், வலி தெரியாமையே.

பூட்டிய கதவின் துருப்பிடித்த சாவியைத் திருப்பப் பெரியவர்களால் முடியாதபோது சிறுவன் ஒருவன் வந்து எளிதாகத் திருப்பிவிட்டதைப் பிராண்ட் எழுதியிருக்கிறார். அவன் விரலில் எலும்பு தெரியுமளவுக்குக் காயம்; அவனுக்கோ எதுவும் தெரியவில்லை. இரவில் உறங்கும்போது விரல்கள் குறைவதன் காரணத்தைக் கண்காணித்தபோது, எலிகள் கடித்திருப்பது வெளிப்பட்டது. அன்றிலிருந்து நோயாளருக்குப் பூனைகள் வழங்கப்பட்டன.

கால்களின் நிலை கைகளினும் மோசம். கை கண்ணெதிரே இருக்கிறது, உள்ளங்கால் மறைந்திருக்கிறது. செருப்பின் ஆணி மேலெழுந்து குத்தினால் நாம் நொண்டுகிறோம், உடனே கழற்றிப் பார்க்கிறோம். உணர்ச்சியற்ற காலுக்கு உரியவர் நொண்டுவதில்லை. நாள் முழுவதும் அந்த ஆணி மீதே நடக்கிறார். மாலையில் இரத்தத்தைக் கண்டால்தான் தெரியும். காணாவிட்டால் அதுவும் தெரியாது. புண் ஆறுவதற்குள் மீண்டும் நடக்கிறார். எலும்புவரை சீழ் பரவுகிறது. இறுதியில் கால் எடுக்கப்படுகிறது.

இலங்கை அறுவை மருத்துவர் மில்ராய் பால் 1930-களிலேயே இத்தகைய புண்களுக்குப் பாரிஸ் சாந்துக் கட்டுப் போட்டுப் பார்த்தவர். கட்டுக்குள் காலுக்கு ஓய்வு கிடைத்தால் தொழுநோயாளரின் புண்ணும் மற்றவர்களின் புண்ணைப்போலவே ஆறியது. அந்த முறையை வேலூர் பரவலாகக் கையாண்டது. ஆக, அந்தத் தசை சபிக்கப்பட்ட தசையன்று. வலி என்னும் காவலன் இல்லாத தசை, அவ்வளவே.

இதைப் பிராண்ட் தம் உடலிலேயே ஓரிரவு உணர நேர்ந்தது. நெடும்பயணத்துக்குப்பின் லண்டன் விடுதி ஒன்றில் காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினார், தெரியவில்லை. தொழுநோய் தமக்கும் வந்துவிட்டது என்று முடிவுகட்டி, மனைவி மக்களைப் பிரிய நேருமே என்று இரவெல்லாம் உறங்காதிருந்தார். விடியற்காலையில் மீண்டும் குத்தினார்; வலித்தது! பயணத்தில் நரம்பு அழுந்தியதால் நேர்ந்த தற்காலிக மரப்பு அது. வலித்ததற்காக இறைவனுக்கு நன்றி சொன்ன மனிதர் அவர். பின்னாளில் வலியை ஒரு கொடை என்றே நூலில் எழுதினார்.

ஆணி இல்லாத செருப்பு

இங்கேதான் நம் வட்டாரத்தின் தொழில் நினைவுக்கு வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிடுபவை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் ஒன்று. பின்னர் குரோமிய உப்பு வந்தது. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு விதித்ததும், தைத்து முடித்த காலணிகளாகவே அனுப்பும் தொழில் வளர்ந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்போரில் பெண்களே மிகுதி. உலகின் எந்தெந்த மூலையிலோ நடப்பவர்களின் கால்களை அவர்களது கைகள் காக்கின்றன.

உணர்ச்சியற்ற காலுக்கு எத்தகைய செருப்பு வேண்டும் என்ற கேள்வியை வேலூரிலும் கரிகிரியிலும் இருந்தவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். மரக்கட்டை, மெழுகு, பலவகை ரப்பர் எனப் பலவற்றையும் சோதித்தனர். முடிவில் நிலைத்தது நுண்ணறை ரப்பர். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த அந்த ரப்பர் உள்ளங்காலின் வடிவுக்கு இடங்கொடுத்து, உடலின் பாரம் ஒரே புள்ளியில் விழாமல் பரவச் செய்கிறது. அதன் அடியில் முள்ளும் கண்ணாடித் துண்டும் ஊடுருவ முடியாத கெட்டியான அடித்தளம். மேலே அழுத்தாத வார். ஆணி மட்டும் ஓரிடத்திலும் இருக்கலாகாது. தைக்க வேண்டும் அல்லது ஒட்ட வேண்டும்.

செருப்போடு பழக்கம் ஒன்றும் கற்பிக்கப்பட்டது. நாள்தோறும் கால்களை நீரில் ஊறவைத்துக் கழுவு, தடித்த தோலைத் தேய்த்து அகற்று, எண்ணெய் தடவு, உள்ளங்காலைத் திருப்பிப் பார், சிவப்போ கொப்புளமோ காயமோ இருந்தால் நடையைக் குறை. உணர்ச்சி செய்யாத வேலையைக் கண் செய்ய வேண்டும். கண் மங்கியவருக்கு மற்றொருவர் பார்க்க வேண்டும்.

அன்பர்களே, ஒரு பாத்திரத்தில் நீர்; ஒரு துண்டு; குனிந்து பாதத்தை நோக்கும் ஒருவர். மேலறையில் ஆண்டவர் ஏந்திய பொருள்கள் இவையே அன்றோ?

அப்பணியாளர்களுள் ஒருவரைத் தனியே குறிப்பிட வேண்டும். கேரளத்தில் பிறந்து வேலூரில் மருத்துவம் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் வாகன விபத்தொன்றில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இயக்கமும் இழந்தார். இனி அறுவை மருத்துவராக வாழ இயலாது என்று எண்ணியிருந்தவரைத் தொழுநோயாளரின் கைகளைச் சீரமைக்கும் பணிக்குப் பிராண்ட் அழைத்தார். அந்த அறுவையை அமர்ந்தபடியே செய்யலாம். சக்கர நாற்காலியில் இருந்தவாறு அவர் பல கைகளை நிமிர்த்தினார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அதற்கென ஒரு துறையையே உருவாக்கினார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தம் கால்களை உணராத ஒருவர், தம் கைகளை உணராதவர்களுக்குப் பணிசெய்த வரலாறு அது.

இவ்வளவும் சொன்ன பின் ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. அந்தச் செருப்பே சிலருக்குச் சுமையாயிற்று. தெருவில் அதைக் கண்டவர்கள், "இது நோயாளி போடும் செருப்பு" என்று அடையாளம் கண்டு ஒதுங்கினர். காலைக் காத்த செருப்பு மானத்தைக் காக்கவில்லை. ஆகவே பலர் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு அல்லது சாதாரணச் செருப்போடு நடந்து மீண்டும் புண்பட்டனர். பிழை ரப்பரில் இல்லை. பார்த்தவர்களின் கண்ணில் இருந்தது. மருந்து வந்த பின்னும், 1980-களில் கூட்டு மருந்துச் சிகிச்சை நோயை முற்றிலும் குணப்படுத்திய பின்னும், அந்தக் கண் எளிதில் மாறவில்லை. 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம் உட்படப் பல சட்டங்களில் தொழுநோய் மணமுறிவுக்குக் காரணமாக இருந்தது. அதை அகற்றியது 2019-ஆம் ஆண்டுத் திருத்தம். இன்றும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே.

இரு சீமோன்களின் வீடுகள்

மேலறையில், தம் கால்களைக் கழுவ விடவே மாட்டேன் என்று மறுத்தவர் சீமோன் பேதுரு. ஆண்டவர் தாழ்வதை அவரால் தாங்க முடியவில்லை. அவர் அந்தப் பாடத்தை எப்போது முழுமையாகக் கற்றார்? திருத்தூதர் பணிகள் நூல் ஒரு குறிப்பைத் தருகிறது. யோப்பாவில் தபித்தாவை உயிர்ப்பித்த பின், பேதுரு பல நாள்கள் அங்கே தங்கினார். தங்கிய வீடு தோல் பதனிடும் சீமோன் என்பவருடையது, கடலோரத்தில் இருந்தது. இந்தக் குறிப்பை நாம் எளிதில் கடந்துபோகிறோம். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாழ்பவர்கள் கடந்துபோக முடியாது. அந்த வாடை எத்தகையது என்பதை அவர்கள் அறிவார்கள்.

யூத மரபில் தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து ஐம்பது முழம் விலகி, கிழக்குத் திசையில் மட்டுமே இருக்கலாம் என்று மிஷ்னா கூறுகிறது. கணவன் அத்தொழில் செய்பவனாயின் மனைவி மணவிலக்குக் கேட்கவும் இடமிருந்தது. அதே பட்டியலில் தோல்நோய் கொண்டவனும் இடம்பெறுகிறான். தொழுநோயாளரையும் தோல் பதனிடுபவரையும் பழைய உலகம் ஒரே கண்ணால் பார்த்தது. நம் நாட்டிலோ, இறந்த மாட்டின் தோலைத் தொட்டவர்களைச் சாதி ஊருக்கு வெளியே நிறுத்தியது. தோலைத் தொடமாட்டோம், தோல் செருப்பை மட்டும் அணிவோம் என்ற விந்தை நம்முடையது.

ஆண்டவர் பெத்தானியாவில் தொழுநோயாளர் சீமோன் வீட்டில் பந்தியமர்ந்தார். பேதுரு யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில் தங்கினார். அந்த வீட்டு மேல்மாடியில்தான், கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டென்று சொல்லாதே என்ற காட்சி பேதுருவுக்குக் கிடைத்தது. அங்கிருந்தே அவர் கொர்னேலியுவின் வீட்டுக்குப் புறப்பட்டார். பிற இனத்தாருக்குத் திருஅவையின் கதவு திறந்த கதை ஒரு தோல் தொழிலாளியின் வீட்டில் தொடங்கியது என்பதை இவ்வட்டாரத்துக் கிறிஸ்தவர் மறக்கலாமா? ஆயினும் நம் ஊர்கள் சிலவற்றில் தேர் செல்லும் தெருவிலும் கல்லறைத் தோட்டத்திலும்கூடச் சாதிக் கோடு கிடக்கிறது. அந்தக் கோடு கிடக்கும் இடத்தில் பாதம் கழுவும் சடங்கு எத்தனை அழகாக நடந்தால்தான் என்ன?

கழுவுவதற்கு நீர் வேண்டும்

பாதம் கழுவ நல்ல நீரும் வேண்டும். கர்நாடகத்தில் தோன்றி, ஆந்திரம் கடந்து, வாணியம்பாடிப் பக்கமாகத் தமிழகத்துக்குள் நுழையும் பாலாறு நம் வட்டாரத்தின் தாய். டேனரிகளின் கழிவுநீரால் அதன் நிலத்தடி நீர் உவர்த்தது, கிணறுகள் பாழாயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயன்படாது போயிற்று என்ற ஆய்வு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்டு 28-இல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கு விலைகொடுக்க வேண்டும் என்ற நெறியை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அந்த நெறி முழுமையாக நிறைவேறாமையால், 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம் மீண்டும் கண்டித்துப் பேச வேண்டியதாயிற்று. இதற்கிடையே, 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் மாண்டனர்.

இத்தொழிலை வெறுத்துப் பயனில்லை; பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது. ஆனால் தூய குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதியதை வாசித்த நாம், சுண்ணாம்புக் குழியருகே நிற்கும் தொழிலாளியின் காலில் தகுந்த காலுறை உண்டா, அவர் வீட்டுக் குழாயில் வருவது என்ன நீர் என்று கேட்காமல் இருக்கலாமா? பாதங்களை நோக்குவது என்பது இதுவும்தான்.

இன்றிரவு நம் வீட்டில்

டாக்டர் பிராண்ட் 1960-களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார், 2003-இல் மறைந்தார். கார்வில்லில் இருந்தபோது ஒன்றைக் கவனித்தார்: நீரிழிவு நோயாளரின் கால்களும் இதே வழியில்தான் அழிகின்றன. உணர்ச்சி குறைகிறது, காயம் தெரிவதில்லை, புண் முற்றுகிறது, கால் எடுக்கப்படுகிறது. தொழுநோயாளரிடம் கற்ற பாடம் நீரிழிவு மருத்துவத்துக்குப் பயன்பட்டது. ஒருகாலத்தில் தெருவில் கண்டு ஒதுங்கிய அதே நுண்ணறை ரப்பர்ச் செருப்பை, இன்று சர்க்கரை நோயுள்ள நம் தாய் தந்தையருக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கிறார். நாமும் தேடிச் சென்று வாங்குகிறோம். 2023-இல் வெளியான ஆய்வின்படி இந்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். நம் பங்கில் அந்நோய் இல்லாத தெரு இருக்குமா?

ஆகவே மறைநூலை வாழ்வாக்க நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. இரவுச் செபம் முடிந்ததும் அப்பாவின் அல்லது அம்மாவின் காலை மடியில் எடுத்து வையுங்கள். "வேண்டாம் தம்பி, நீ போய் என் காலைப் பிடிப்பதா?" என்று அவர்கள் கூச்சப்படுவார்கள், பேதுருவும் கூச்சப்பட்டவரே. வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடையுங்கள். விளக்கருகே உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். கொப்புளமோ கீறலோ நிறமாற்றமோ இருந்தால் மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். செருப்பை அணியுமுன் உள்ளே கைவிட்டுக் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

நீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உணர்ச்சியற்ற காலுக்கு நீரின் சூடு தெரியாது; கொதிநீரில் வைத்தாலும் தெரியாது. ஆதலால் வலியுணரும் மற்றொருவர் தம் கையை முதலில் அந்நீரில் வைத்துப் பார்க்க வேண்டும். உடலில் ஓர் உறுப்புத் துன்புற்றால் மற்ற உறுப்புகளும் உடன் துன்புறும் என்று கொரிந்தியருக்குப் பவுலடிகளார் எழுதியதை நாம் உவமையாகக் கேட்டுப் பழகிவிட்டோம். இங்கே அது நடைமுறை. அவருக்காக என் கை சூட்டை உணர்கிறது. அவருக்காக என் கண் புண்ணைக் காண்கிறது.

அடுத்த பெரிய வியாழனுக்குப் பன்னிருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, வெடித்த காலோடு வயலிலிருந்து வருபவரையும், டேனரி வேலை முடித்து வருபவரையும், கரிகிரிச் செருப்பு அணிந்து கடைசி வரிசையில் நிற்பவரையும் அழைத்துப் பார்ப்போமா? அவர்களிடம் வீட்டிலேயே கழுவிவிட்டு வரும்படி சொல்ல வேண்டாம். கழுவுவதற்குத்தானே அழைக்கிறோம்.